மிளகு கேட்டு வாங்கிய விளக்குகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் முறை. ஆனால் "நல்லா இருக்கேன்க்கா" என்ற உன் பதிலை நான் இனி நம்புவதாக இல்லை, அதனால் கேட்கவில்லை. போனை அணைத்து வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி அணைக்க முடியாது. கதவுக்கு அடியில் வந்து கிடக்கும், என்றைக்காவது காலில் தட்டுப்படும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வருகிறேன் என்று எங்களோடு இருக்கும் உன் மகள் மிளகிடம் போனில் சொன்னாய். வரவில்லை. "வேலைக்கா, லீவு கிடைக்கல" என்று மறுநாள் ஒரு வரி அனுப்பினாய். பண்டிகையும் அதுவுமாக உன் குளிர்பதனக் கிடங்கில் யார் உன்னைக் கட்டிப்போட்டார்கள் என்று நான் தோண்டித் துருவப் போவதில்லை. "விடு, அவன் மனசு அவனுக்குத்தான் தெரியும்" என்றார் உன் அத்தான். எனக்கும் கொஞ்சம் தெரியும். மிளகின் அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அவள் இல்லாத முதல் தீபாவளியை அவள் மகளின் முகத்தில் பார்க்க உனக்குத் தெம்பு இல்லை. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நீ வராத அந்த நாளில் இங்கே நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் கண்ணால் பார்த்தும் எனக்கே இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

சாவு நடந்த குடும்பத்தில் அந்த வருஷம் பண்டிகை இல்லை என்பார்கள். நாங்களும் ஒன்றும் செய்வதாக இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அழுகைதான் வரும் என்று, அன்றைக்கு விடியற்காலை டூட்டியையும் மாலை டூட்டியையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆபீஸில் மற்றவர்கள் என் காலில் விழாத குறை.

என் வேலையைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. மின்சாரக் கட்டுப்பாட்டு அறை என்றால் என்னவோ ஏதோ என்று நினைப்பாய். ஒரு பெரிய ஹால், குளிரான ஏசி, சுவரை அடைத்துத் திரைகள். ஊர் மொத்தமும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். ஊர் தூங்கினால் கோடு படுத்துக்கொள்ளும். ஊர் எழுந்தால் அதுவும் எழும். என்னோடு இருக்கும் மூத்த ஆபரேட்டருக்குப் பஞ்சாங்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எந்த நேரத்தில் எவ்வளவு லோடு ஏறும் என்று திரையைப் பார்க்காமலே சொல்வார். பாதி நாள் தப்பாகப் போகும், அதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்.

தீபாவளியன்று விடிவதற்கு வெகு முன்னால், வெளியே கும்மிருட்டு. மற்ற நாளானால் கோடு அசையாமல் கிடக்கிற வேளை. பஞ்சாங்கம் டீயைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், எழுந்துட்டாங்க" என்றார். பார்த்தேன். கோட்டின் நுனி லேசாகத் தலையைத் தூக்கியது. அப்புறம் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. சங்கு ஊதவில்லை, யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி எழுந்து சமையலறை விளக்கைப் போடுகிறாள், வெந்நீருக்கு ஹீட்டரைத் தட்டுகிறாள். அதே நிமிஷம் அடுத்த தெருவில் இன்னொருத்தி, ஆற்றுக்கு அந்தப்புறம் இன்னொருத்தி. லட்சம் வீடுகளில் லட்சம் குழந்தைகளைப் போர்வையோடு இழுத்து உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் வைக்கிறார்கள். குழாயில் வருகிற அதே தண்ணீர் அந்த ஒரு காலைக்கு மட்டும் கங்கை. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து, கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். இத்தனையும் என் திரையில் ஒரே ஒரு கோடு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தீபாவளியை வீட்டுக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறேன். ஒரு ஊரே சேர்ந்து கண் விழிப்பதை வெளியில் நின்று அன்றுதான் பார்த்தேன்.

அப்போது நரகாசுரன் கதை ஞாபகம் வந்தது. அவனைக் கொன்றது அவனைப் பெற்றவளே என்று சொல்வார்கள் இல்லையா? பூமாதேவிதான் சத்தியபாமாவாக வந்து அம்பு விட்டாள் என்று. மகன் என்ன அநியாயக்காரனாக இருந்தாலும் மகன். அந்தத் தாய், இந்த நாளில் யாரும் அழக் கூடாது, எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுசு உடுத்தி விளக்கேற்ற வேண்டும் என்று வரம் கேட்டாளாம். சின்ன வயதில் கேட்டபோது பட்டாசுக்கான காரணமாக மட்டும் அது எனக்குப் பட்டது. இப்போது நினைத்தால் திகைப்பாக இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி கேட்டு வாங்கிய பண்டிகை இது. இதைப் போய் சாவு வீட்டுக்கு ஆகாது என்று எப்படி ஒதுக்கினோம்?

காலையில் வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டுத் தையல்கார அம்மா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து மிளகின் தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முறைக்காதீங்க. முறையெல்லாம் பெரியவங்களுக்கு. இந்தச் சுண்டைக்காய்த் தலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். உன் மகள், "நான் சுண்டைக்காய் இல்ல, மிளகு" என்று திருத்தினாள். குளித்துவிட்டு வந்தாள். அந்த அம்மாவே ஒரு பாவாடை சட்டை தைத்துக் கொண்டுவந்திருந்தார். அதைப் போடமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா வந்த பிறகுதான் போடுவாளாம். மத்தியானம் முழுக்க வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்கால வண்டியில் நீ வருவதாக அவள் கணக்கு. எங்களுக்கும் அதே நம்பிக்கைதான்.

மாலையில் டூட்டிக்குப் போனேன். இருட்டியதும் ஊர் முழுக்க சீரியல் விளக்குகள். கோடு நெட்டுக்குத்தாக ஏறியது. அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கத்துத் துணைமின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி அலாரம் அடிக்கத் தொடங்கியது. லோடைக் குறைக்காவிட்டால் அது எரிந்தே போகும், அப்புறம் இரண்டு நாளைக்குப் பாதி ஊர் இருட்டு. கரண்டுக்கு மாற்றுப் பாதை போடும்வரை, ஃபீடர் என்கிற பகுதி லைன்களில் ஏதாவது ஒன்றை நிறுத்தியாக வேண்டும். அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து போவது மூன்று. ஒன்றில் ஆஸ்பத்திரி. இன்னொன்றில் கடைத்தெரு. அந்தக் கூட்டத்தில் விளக்கு போனால் மிதிபட்டே சாவார்கள். மூன்றாவது நம் குடியிருப்பு. யோசிக்க ஒன்றும் இல்லை. "வீட்டுக்குப் போனா இன்னைக்குச் சோறு கிடையாது மேடம் உங்களுக்கு" என்றார் பஞ்சாங்கம். நிறுத்தினேன்.

எங்கள் அறை ஐந்தாவது மாடியில். ஜன்னலில் பார்த்தால் ஊர் முழுக்க ஜொலிக்க, நடுவில் நம் பகுதி மட்டும் மை கொட்டிய மாதிரி. அமாவாசை வேறு. வாசலில் நிற்கிற குழந்தைகள், படி இறங்குகிற வயசானவர்கள், எல்லோரும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மாற்றுப் பாதைக்குப் போன ஆட்களிடம் போனில் கத்திவிட்டு மறுபடி ஜன்னலுக்கு வந்தேன்.

இருட்டுக்குள் ஒரு சின்னக் கீறல். சாய்வாக, மேல்நோக்கி. முதலில் என் கண்ணாடியில் பட்ட வெளிச்சம் என்று நினைத்துத் துடைத்துக்கொண்டேன். அது போகவில்லை. அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இரண்டு. அப்புறம் ஒரு தெருவே கோடு கிழித்த மாதிரி வந்தது, அதிலிருந்து அடுத்த தெரு பற்றிக்கொண்டது. கரண்ட் விளக்கு மாதிரி அது எல்லாம் ஒன்றாக வரவில்லை. ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கை இருந்தது. ஊரின் மற்ற வெளிச்சமெல்லாம் எனக்கு வெறும் பளபளப்பாகத் தெரிந்தது, நான் இருட்டாக்கிய இடம் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. பஞ்சாங்கம் பக்கத்தில் வந்து நின்றார். "திரையில கோடு அசையவே இல்ல மேடம்" என்றார். "இந்த வெளிச்சம் நம்ம கிட்ட வாங்கினது இல்ல."

மாற்றுப் பாதை தயார் என்று போன் வந்ததும் இணைப்பைக் கொடுத்தேன். தூரத்தில் ஓவென்ற கூச்சல் கேட்டது. எனக்குத்தான் அந்தச் சின்ன விளக்குகளை நானே மறைத்துவிட்டது போல் இருந்தது.

வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் கட்டடத்துக்கு வெளிப்பக்கமாகப் படி ஏறும், நீ அறிவாய். கேட்டிலிருந்து மூன்றாவது மாடிவரை படிக்கு ஒரு அகல். நான் பார்த்த கீறல் அதுதான். கீழ்ப்படியில் எண்ணெய்க் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு மிளகு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உன் அத்தான்.

அவர் சொன்னார். விளக்கு போனதும் எல்லோரும் வாசலில் நின்று கரண்ட் ஆபீஸை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்களாம். இவள் மட்டும், "மாமா, அப்பா இப்ப வருவாரே, படி தெரியாதே, அவரு மேல பாத்துக்கிட்டேதானே நடப்பாரு" என்று பதறியிருக்கிறாள். வீட்டில் இருந்தது இரண்டே அகல். இவள் இருட்டில் வீடு வீடாகப் போய், "எங்க அப்பா வர்றாரு, ஒரு விளக்கு குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். தையல்கார அம்மா சிரித்துக்கொண்டே, "கரண்ட் ஆபீஸ் அம்மா வீட்டுப் பொண்ணே விளக்குக்கு அலையுது பாருங்கடி" என்றாராம். அப்புறம் காரணத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய், இருந்த அத்தனை அகலையும் எடுத்து வந்தாராம். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தவர்கள் வெறுமனே திரும்பவும் இல்லை. இவள் படியில் வரிசையாக ஏற்றுவதைப் பார்த்துவிட்டுத் தங்கள் படியில், மதிலில், தெரு முனையில் என்று ஏற்றியிருக்கிறார்கள். வருகிறவன் பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்து வர வேண்டுமே என்று தெருக்கோடி மளிகைக் கடைக்காரர் திருப்பத்தில் பத்து விளக்கு வைத்தாராம். அவர் உன்னைப் பார்த்ததுகூடக் கிடையாது.

காட்டிலிருந்து திரும்பும் ராமனுக்காக ஊரே விளக்கேற்றியது என்றும் தீபாவளிக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதை நான் அலங்காரம் என்றுதான் எண்ணியிருந்தேன். அது வெறும் அவசரம், தம்பி. ஒருவன் வருகிறான், இருட்டாக இருக்கிறது. வேறு காரணமே இல்லை. கையைக் கூப்பிக்கொண்டு அந்தப் படியின் கீழே நின்றேன்.

வண்டி வந்து போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கரண்ட் வந்த பிறகும் ஒரு விளக்கைக்கூட அணைக்கவிடவில்லை. எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் உன் அத்தான் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூக்கிக்கொண்டு மேலே வந்தோம். விளக்குகளை மிதிக்காமல் ஓரமாக ஏறினோம்.

மறுநாள் அவள் அழவில்லை. உன் மேல் கோபமும் இல்லை. கடன் வாங்கிய அகல்களைத் துடைத்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். "வந்தாரா உங்கப்பா" என்று கேட்டவர்களிடம், "வண்டி லேட்டு" என்றாளாம். சாயங்காலம் என்னிடம் வந்து, "அத்தை, அங்க அப்பா வீட்ல விளக்கு போட்டிருப்பாரா?" என்று கேட்டாள். இந்த ஊரில் எந்தத் தெரு எழுந்தது, எது தூங்கியது என்று உட்கார்ந்த இடத்தில் எனக்குத் தெரியும். உன் வீட்டு ஜன்னல் மட்டும் என் எந்தத் திரையிலும் இல்லை. நீ அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கிறாயோ என்ற பயம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. எட்டு வயதுக் குழந்தைக்கும் அதே பயம் என்பது அன்றுதான் தெரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். படியில் விளக்கு வைத்ததை உனக்கு எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள். "அப்பா அழுவாரு" என்றாள். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அதனால் நீ வரும்போது இதெல்லாம் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளாதே. மன்னிப்பு கேட்காதே, காரணம் சொல்லாதே. பண்டிகை நாள் பார்க்க வேண்டாம், பட்டப்பகலில் சாதாரணமாக வா. கேட்டைத் திற, படி ஏறு, கதவைத் தட்டு. வண்டி லேட்டு என்று சொல். அவள் நம்புவாள்.

சாப்பிடு. கதவையும் ஜன்னலையும் திறந்து வை. நீ இருக்கணும், தம்பி. நல்லபடியாக இருக்கணும். மற்றதெல்லாம் அப்புறம்.

உன் வரவுக்காக,
அக்கா