பிரித்த பத்து வரிசை

பாப்பா,

சூப் அடுப்பின்மேல் இருக்கிறது, சூடாக்கிக் குடி. உப்பு கொஞ்சம் தூக்கல். குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார். பின்கதவுச் சாவி ஊசி டப்பாவுக்குள்.

நேற்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பிடித்த நாவலைப் படமாக எடுத்திருந்ததைப் போட்டு, அவளைப் போலவே நிறுத்தி நிறுத்தி, “புத்தகத்துல இப்படி இல்லவே இல்லப்பா, கதையக் கொன்னுட்டாங்க!” என்று சண்டை பிடித்தாய். அவள் பாதியில் விட்டுப்போன ஸ்வெட்டர் உன் மடியில் இருந்தது.

“அம்மா இங்க எண்ணிக்கைய விட்டுட்டாங்க. பத்து வரிசை பிரிச்சாத்தான் மேல பின்ன முடியும்” என்று சொல்லி நூலை இழுத்தாய். பிரித்தும் முடித்துவிட்டாய்.

“அவ கைபட்டதப் பிரிக்க நீ யாரு?” என்று கத்தினேன். நீ எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

உன்மேல் தப்பில்லை. கடைசி வாரங்களில் அவள் விரல் நடுங்கியது. பின்னல் கண்ணிகளை எண்ணுவாள், மறப்பாள், மறுபடி எண்ணுவாள். நான் பக்கத்து நாற்காலியில் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “பயமா இருக்கா?” என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்தப் பத்து வரிசையும் நான் வாய் திறக்காத மாலைப் பொழுதுகள். அதனால்தான் நீ பிரித்தபோது தாங்கவில்லை.

நீ திருத்திப் பின்னு.

அப்பா

பி.கு.: ஆறு மணிக்குள் வந்துவிடுவேன்.

இன்னொன்று. அந்த ஸ்வெட்டர் உனக்காகத்தான் பின்னினாள். உன்னிடம் சொல்லச் சொன்னாள். அதையும் நான் சொல்லவில்லை.