ஒரு கிண்ணம் பசை தீரும்வரை

ஆமத்தூர்,
கார்த்திகை 3.

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக நானாக நினைத்துக்கொள்கிறேன். வைகாசியில் நம் வீட்டுக் காதுகுத்தன்று இருந்தவர்கள் உன் அப்பா சங்கிலிமுத்து, அண்ணன் முனியராஜ், மதினி ஸ்ரீமதி, காது குத்திக்கொண்ட பேத்தி பிரீத்தி, அவளை மடியில் வைத்திருந்த தாய்மாமன் மாரிக்கண்ணன், உன் அத்தை அழகுமீனா, நீ, நான். யார் என்ன நிறம் கட்டியிருந்தார்கள் என்றுகூடச் சொல்லுவேன். அன்று சாயங்காலம் ரயிலேறியவள்தான், தீபாவளிக்கும் வரவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தை அப்பாவைக்கூடத் தொடவிடவில்லை. சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனியில் லீவு விட்டதிலிருந்து அவரும் பஸ் சத்தம் கேட்டால் ரோட்டைப் பார்க்கிறார்.

பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை எழுத்து வேலை, கூப்பிடாதே என்றாய். மற்ற நேரம் கூப்பிட்டால் உன் குரல் பாதி அங்கேயே இருக்கிறது. கடிதம் மணியடிக்காது, நீ எடுக்கும்வரை கிடக்கும், அதனால்தான் இந்த அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது நானும் வீட்டிலிருந்துதான் தீப்பெட்டிக் கூடு ஒட்டினேன். ஒரு கிண்ணம் பசையோடு உட்கார்ந்தால் தீரும்வரை எழுந்திருக்க மாட்டேன், தீர்ந்ததும் கையைக் கழுவிவிட்டு முழுசாக உங்களோடு இருப்பேன். நடுவில் யார் கூப்பிட்டாலும் பசைக் கையைத் தூக்கிக் காட்டுவேன், மறுபேச்சு கிடையாது. உன் கை சுத்தமாக இருக்கிறது தாயி, அதனால் நீ சும்மா இருக்கிறாய் என்றே எல்லாருக்கும் தோன்றுகிறது. காதுகுத்தன்றைக்கு உன் அண்ணன், "வீட்லதான இருக்கா, எப்ப வேணா எழுதிக்கிடலாம்ல, இலை போட வரச் சொல்லு" என்றான். அழகுமீனா, "கம்ப்யூட்டர் பொட்டியத் தட்டுறதெல்லாம் ஒரு சோலியாக்கும்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீயும் ஒரு கிண்ணம் அளவு வைத்துக்கொள், அதற்குள் யாருக்கும் எழாதே, தீர்ந்தபின் வேலையை நினைத்துக்கொண்டே சோறு தின்னாதே.

அன்று, எழுத்து கம்ப்யூட்டர் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு மணிக்குள் போய்ச் சேரணும், யாரும் தொடாதீக என்று சொல்லிவிட்டுத்தான் இலை போட வந்தாய். திரும்பிப் போனால் கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது. எழுத்து போகவில்லை, ஒரு வருடம் அலைந்து பிடித்த வேலை போனது. தலைவலியென்று அந்த அறையில் படுத்திருந்த அத்தையை எல்லார் முன்னாலும் கேட்டாய். "நான் தொடவே இல்லடி" என்று அழுதாள், யாரும் நம்பவில்லை. கறிச்சோற்றில் கை வைக்காமல் போனவள் அதற்குப் பிறகு தன் அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. என் கல்யாணத்தன்று எனக்குக் கிழிந்த பாயைப் போட்டவள் அவள், அதையே நான் மறக்கவில்லை. ஆனால் மூடியது அவள் இல்லை, நான். நீ சொன்னது என் காதில் விழாமல் இல்லை. வந்து மூன்று நாளாக உன் முதுகைத்தான் பார்த்தேன், ஒரு பந்தியாவது எங்களோடு உட்காரட்டும் என்று மூடினேன். மூடினால் வேலையே போய்விடும் என்று தெரியாது. தெரிந்த பிறகும் குழம்பு வாளியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன்.

நேற்று அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "தெரியும் மதினி, நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்" என்றாள். ஆறு மாதம், ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அந்தப் பாயை நேற்றோடு விட்டுவிட்டேன்.

முதலில் அத்தைக்கு ஒரு போன் போடு. அறைக்கு உள்தாழ்ப்பாள் வைத்தாயிற்று. தை பிறந்ததும் வா, பத்திலிருந்து ஒரு மணிவரை வெளியே நான் காவல் இருக்கிறேன், கதவு தட்ட மாட்டேன். மாரியம்மன் புண்ணியத்தில் நீ ஆயுசுக்கும் கண்ணும் கையும் நோகாமல் எழுத வேண்டும். அன்றைக்கு இருந்தவர்கள் எல்லார் பேரையும் மேலே எழுதினேன், அதில் நான் மன்னிக்க மாட்டாத ஒரே ஆளின் பேரைக் கீழே எழுதுகிறேன்.

உன் அம்மா
கருப்பம்மாள்