கிணற்றுப் பங்கும் கம்பெனிப் பங்கும்

மதினி,

இன்று காலை அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஒரு கட்டு வந்திறங்கியது. பிரித்ததும் குப்பென்று மை வாசனை. நம் கம்பு மில் கம்பெனியின் புதுப் பங்குப் பத்திரங்கள். பன்னிரண்டு குடும்பத்துக்கும் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் 'இயக்குநர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்தா இது என்று பேங்க் மேனேஜரே எழுந்து நின்று பார்ப்பார். நீங்கள் கண்மூடிய பின், உங்கள் பங்கு இப்போது உங்கள் மகள் பெயரில். அதைக் கையில் எடுத்ததும் உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

மில் கைமாற இருந்த அந்த உறுப்பினர் கூட்டத்தின் கதையை ஊருக்கெல்லாம் நான்தான் சொல்லி வருகிறேன். என் கதையில் நம் ஊர் ரெட்டியபட்டியே திரண்டு நிற்கும். உங்களிடம் மட்டும் கூட்டிச் சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நீங்கள்.

அப்போது இயக்குநர்கள் இருவர்தான்: சேர்மன் அண்ணாச்சியும் நானும். டவுனில் லாரி ஓட்டும் தன் மருமகனுக்கு, நாம் எல்லோரும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகமாகப் புதுப் பங்கு ஒதுக்க ஒரு தீர்மானம் எழுதி வந்தார் அவர். டீயோடு சேர்த்து நீட்டினார். டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அதைப் பெருமையாகச் சொன்னேன். நீங்கள் கம்பு புடைப்பதை நிறுத்தினீர்கள்.

"கொழுந்தனாரே, வாசிச்சீகளா?"

"டைரக்டரு எதுக்கு மதினி வாசிக்கணும்? கையெழுத்துதான போடணும்."

"அப்ப இனிமே மில்லு அவுக மருமகனுக்கு. நீங்க அங்க மூடை தூக்கலாம்."

மறுநாளே ஆடிட்டரைப் பார்த்து வந்தீர்கள். உறுப்பினர் கூட்டத்தையும் கூட்ட வைத்தீர்கள்.

"புதுப் பங்கு விடுறது டைரக்டருக அதிகாரம்," என்றார் அண்ணாச்சி. "பொம்பளைக பேசுற விசயமில்ல."

"சரி அண்ணாச்சி," என்றீர்கள் நீங்கள். "உங்க கிணத்துல எட்டுப் பங்கு. வெளியாளுக்குப் புதுசா ஒரு முறைத் தண்ணி விடணும்னா, பங்காளிகளைக் கேக்காம விடுவீகளா?"

"அதெப்படி விட முடியும்?"

"இதுவும் அப்படித்தான். புதுப் பங்க மொதல்ல இருக்குறவுகளுக்கு, அவுகவுக பங்குக்குத் தக்கனதான் குடுக்கணும். வெளியாளுக்குன்னா முக்காவாசி ஓட்டு விழணும். சட்டத்துலயும் இருக்கு, நம்ம கம்பெனி விதியிலயும் இருக்கு."

எல்லோருக்கும் சமப் பங்கு. மருமகனுக்குக் கொடுக்கப் பன்னிரண்டில் ஒன்பது கை வேண்டும். அண்ணாச்சி கை எழுந்தது. அவர் தம்பி கை எழுந்தது. பிறகு எல்லாக் கண்ணும் என் மேல். கையெழுத்துப் போட்டவன் நானல்லவா? எழுந்து நின்றேன்.

"வாசிக்காமப் போட்டுட்டேன். என் தப்பு. என் கை தூக்காது."

அந்தச் சத்தத்துக்குப் பந்தல்குடி ரோட்டில் லாரிகள் நின்றதாகச் சொல்லி வருகிறேன். நிசத்தில் அது அடுத்த வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. நீங்கள்தான் குனிந்தபடி சொன்னீர்கள்: "நல்லாக் கத்துங்க கொழுந்தனாரே. உங்களுக்கு அது ஒண்ணுதான வரும்!" கத்தினேன். அதற்கு மேல் ஒரு கையும் எழவில்லை. மில் நம்மிடமே நின்றது, மதினி!

இப்போது இரண்டாவது மெஷினுக்காகப் புதுப் பங்கு. பன்னிரண்டு வீட்டுக்கும் முதலில் கடிதம் போனது. அண்ணாச்சியும் தன் பங்குக்குத் தக்கதை மட்டும் வாங்கிக்கொண்டார். தீர்மானத்தை இந்த முறையும் டீயோடுதான் நீட்டினார். எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவர் இரண்டு தடவை கனைத்தார். நான் நிமிரவில்லை.

முடித்துக் கையெழுத்துப் போட்டபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஒரே மடக்கில் குடித்தேன். ஆறின டீ இத்தனை ருசியாக இருக்குமென்று எனக்குத் தெரியாது, மதினி.