தங்கச்சி முன் அறையில்தான் இருப்பாள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. அங்கே குளிர் அதிகமாமே, வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ போனில் சொன்னதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, வாயைத் திறந்தால் குரல் உயர்ந்துவிடும் என்று வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். பெண் வீட்டார் வந்து தங்கும் இரண்டு நாளும் தங்கச்சியைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிடச் சொன்னாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, பக்கத்தில் நின்று அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். ரெண்டு நாள்னா நாப்பத்தெட்டு மணி நேரமா, எத்தனை மணிக்கு நான் திரும்பி வரலாம்னு கேட்டாள். கோபமெல்லாம் இல்லை, நேரம்தான் கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. முடியாதுடா தம்பி.

போன ஞாயிறு அவளை மாவட்டச் செஸ் அணித்தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றுக்குக் கூட்டிப் போனேன், ஜெயித்தால் அணியில் இடம். எதிரே ஒரு வங்கி அதிகாரி, இருபது வருஷமாகச் செஸ் ஆடுகிறவர். யோசிக்கும்போது இவள் உடம்பு முன்னும் பின்னும் அசையும், ஆட்டிசம் என்று டாக்டர் பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான், உனக்குத் தெரியாததா. பதினைந்தாவது நகர்த்தலில் குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள், அவர் சிரித்தார். இருபதாவதில் அந்தச் சிரிப்பைக் காணோம், நடுவரைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணு அசையறதைப் பார்த்தா தலை சுத்துது, இவங்களையெல்லாம் ஏன் சார் உள்ள விடுறீங்க என்றார். நடுவர் கடிகாரத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து, பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்களேன், ரெண்டாம் பரிசு எப்படியும் உண்டு என்றார். இருபத்திரண்டு வயதுக்காரி பாப்பாவாம். முப்பது வருஷமாக எக்ஸ்ரே அறையில் அசையாதீங்க அசையாதீங்க என்று ஊர்ப்பட்ட ஆட்களுக்குச் சொல்கிறவன் நான், என் மகளுக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேன், அசையக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு, புத்தகத்தைக் கொண்டாங்க என்றேன். புத்தகம் தேவைப்படவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் விதியை எண்ணோடு ஒப்பித்தாள். அப்புறம், நான் சத்தம் போடல, மேஜையைத் தொடல, அவருக்கு இருபதாவது நகர்த்தல்ல இருந்துதான் தலை சுத்துது, அதுக்குக் காரணம் என் ராணி என்றாள். திமிர் இல்லை, உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் அவளுக்கு வரும். நடுவர் திரும்பிப் போய்க் கடிகாரத்தை ஓடவிட்டார். முப்பத்தெட்டாவதில் வங்கி அதிகாரி தோல்வியை ஒப்புக்கொண்டு தன் ராஜாவைச் சாய்த்தார், எழுந்து போகும்போது கைகொடுக்கவில்லை. இவள் யாருக்குமே கைகொடுக்கிறவள் இல்லையே, அதைக் கவனிக்கக்கூட இல்லை. திரும்பும்போது பேருந்தில் முழு ஆட்டத்தையும் சத்தமாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள், முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார், நானும் முறைத்தேன், அவர்தான் முதலில் தலையைத் திருப்பினார்.

அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்ததும் உன் மாமனாராகப் போகிறவருக்குப் போன் போட்டேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், நீங்கள் வரும்போது செஸ் பலகையோடு முன் அறையில் இருப்பாள், பேசினால் பதில் வரலாம், வராமலும் போகலாம், அவளை ஒளித்து வைத்துச் சம்பந்தம் பேச என்னால் ஆகாது என்று போட்டு உடைத்தேன். யோசிச்சுச் சொல்றோம் என்று வைத்துவிட்டார். கனிஞ்சு வந்த காரியத்தைக் கெடுத்துட்டீங்களே என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கெட்டால் கெடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். நேற்று அந்தப் பெண்ணே கூப்பிட்டது. நாங்க வரோம் மாமா, அதுல மாற்றம் இல்ல, ஆனா ரெண்டு வருஷமா தினமும் எங்கிட்டப் பேசுற உங்க பையன், தங்கச்சி இருக்காங்கன்னு ஒரு நாள்கூட ஏன் சொல்லல என்று கேட்டது. குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது. அவனையே கேளும்மா என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு நீங்கள் இருவரும் இரண்டு கண், எதையும் துணி போட்டு மூட மாட்டேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராது. உடம்பைப் பார்த்துக்கொள். இதைப் படித்ததும் முதலில் அந்தப் பெண்ணுக்குப் போன் போடு, எனக்கு அப்புறம் போடலாம்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா