பச்சையா இருக்கு, மிதிக்காதே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் தங்கையை வாங்கிவரச் சொல். நாளைக்கு ஆகட்டும் என்று இழுக்காதே.

போன வாரம் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஒரு கூத்து. ஈரச் சாக்கு விரித்த தளத்தைக் காட்டி, "இது பச்சைக் கான்கிரீட்" என்றார் எஞ்சினியர். நீ சித்தாள் வேலை பார்த்தபோது காயாத தளத்தைக் காட்டி "பச்சையா இருக்கு, மிதிக்காதே" என்று அதட்டுவாயே, அந்த நினைப்பில் சுற்றிலும் கயிறு கட்டி, அரை நாள் யாரையும் ஏற விடவில்லை. "இறுகிப் பத்து நாள் ஆச்சுப்பா. சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு அந்தப் பேரு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஆனால் அதில் இருப்பதைக் கேள். சிமெண்டில் பாதி, இரும்பு உருக்கும் உலையின் கசடு. ஜல்லி, இடித்த வீடுகளின் தளத்தை உடைத்தது. ஒரு மாதம் முன் அதில் வார்த்த கட்டியையும் சாதாரணக் கட்டியையும் நேற்று இயந்திரத்தில் நசுக்கினார்கள். சாதாரணம்தான் முதலில் பிளந்தது. குப்பை என்று கொட்டியது, அம்மா, அத்தனை பாரத்தையும் தாங்கி நின்றது.

கலவை வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். நம் வீட்டுப் பழைய தளத்தை இடிக்கப்போவதாகச் சொன்னாயே, அப்போது, நான் சின்ன வயதில் அது பச்சையாக இருக்கையில் மிதித்த மூலையை மட்டும் உடைக்காமல் எடுத்துவை. என்னைப் பிடிக்க ஓடிவந்த உன் காலும் அதில் பதிந்திருக்கிறது.

உன் மகன்