அலமாரிக்குள் முடிந்த குழாய்

என் செல்லப் பாப்புவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அப்பா, சின்னவள், நான், மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாளைக்கு அப்பா உனக்கு அனுப்பப்போகும் உன் பேரையும் சேர்த்து வாங்கப்போகும் வீட்டின் பத்திரங்களோடு இதையும் உறைக்குள் வைக்கிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. போனில் சொல்லக் கூடாதா என்பாய். நீ கூப்பிட்டதுமே அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், நான் எங்கே வாயைத் திறப்பது.

முதல் தடவை வீடு பார்க்கப் போனபோது எல்லோரையும்போல நாங்களும் வெளிச்சத்தைப் பார்த்தோம், டைல்ஸைத் தடவினோம், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். அடுத்தவர் வீட்டில் பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சம், அதுவும் அப்பாவின் மேலாளர் வீடு வேறு. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது முறை போனபோது வெட்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃப்ளஷ் பண்ணினேன். தண்ணீர் இறங்கும்போதே தரையில் இருந்த சல்லடைக்குள் யாரோ உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தொட்டி நிறையும்வரை காத்திருந்து மறுபடி பண்ணினேன், மறுபடி அதே சத்தம். மூன்றாவது தடவை சமையலறை சிங்க்கும் களக் களக்கென்றதாக வெளியே நின்ற சின்னவள் சொன்னாள். சிரிக்காதே, நான் வெளியே வந்தால் மேலாளர் மனைவி கையில் மாத்திரையோடு நிற்கிறார், "வயிறு சரியில்லையா சிஸ்டர், கூச்சப்படாம சொல்லுங்க" என்கிறார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது.

அந்தச் சத்தம் ஏன் என்று கேட்டதற்கு மேலாளர், "வீடு உங்ககிட்ட பேசுதும்மா, பிடிச்சுப்போச்சுபோல" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சல்லடைக்குக் கீழே குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அதுதான். சாக்கடைக் குழாய்க்குக் காற்றுவிட மொட்டைமாடிக்கு மேலே ஒரு குழாய் போகும். அது அடைபட்டால் ஒவ்வொரு ஃப்ளஷும் வளைவுத் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மறுபடி உள்ளே போய்ச் சல்லடையைத் தூக்கிப் பார்த்தேன், வளைவு வறண்டு கிடந்தது. அழுகிய முட்டை மாதிரி வாடை. அப்பா அதைப் புது பெயிண்ட் வாசனை என்கிறார்.

மொட்டைமாடிக்குப் போனால் அந்தக் குழாய் எங்குமே இல்லை. வெளிச்சுவரில் ஏறிவருகிறது, பிற்பாடு கட்டிய மேல் அறைக்கு நேரே சுவருக்குள் போய் மறைகிறது. அந்த அறையின் சுவர் அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டுக்குப் பின்னால் குழாயை வெட்டி, வாயில் பாலித்தீன் பையைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவைத்திருக்கிறார்கள். பை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அது எந்த அறை தெரியுமா, நீயும் சின்னவளும் படுக்க என்று அப்பா ஒதுக்கியது. ஏற்கனவே இழுப்பு வந்தால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிற பிள்ளை அவள்.

கூரையைத் துளைத்துக் குழாயை மேலே கொண்டுபோங்கள் என்றேன். "இத்தனை வருஷம் நாங்க மூக்கைப் பொத்திக்கிட்டா குடும்பம் நடத்தினோம்?" என்று மேலாளர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார், என்னைப் பார்த்து அல்ல. வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "குறை இல்லாத வீடு எங்கேடி இருக்கு, பெரியவ வந்து சேரட்டும், எல்லாம் பார்த்துக்கலாம்" என்றார்.

அவரைக் குறை சொல்லாதே. இந்த வீடு தட்டிப்போனால் நீ நம் ஊருக்கு மாற்றல் கேட்பதைத் தள்ளிப்போட்டுவிடுவாய் என்ற பயம் அவருக்கு. எனக்கு மட்டும் இல்லையா? பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள் நான், நீ இல்லாத வீட்டில் இன்னும் எனக்கு நடமாடப் பழகவில்லை. நீ வருவாய் என்பதற்காக அந்த அலமாரியைச் சாத்திவிட்டு வந்திருக்கலாம், ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றேன். முடியவில்லை கண்ணு. கையெழுத்துப் போடாதே.

அப்பாவுக்குத் தெரியாமல் இதை அனுப்ப மனசு ஒப்பவில்லை. உறையை ஒட்டாமல் அவர் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன். நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நிறைவாக வாழவேண்டும். நீ தங்கியிருக்கும் இடத்தில் புழங்காத குளியலறை இருந்தால் அதன் சல்லடையில் வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்று, மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. உறைக்குள் பத்திரங்களைத் தேடாதே. அப்பா காலையில் இதை இரண்டு தடவை படித்தார். பத்திரங்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "லெட்டரை மட்டும் அனுப்பு. ஆபீஸ்ல நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இன்று ராத்திரி நீயே அவரைக் கூப்பிடு.