பச்சைத் திரைக்குக் கீழே

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். "பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. மாத்திரையை விடாம போடுங்க. உப்பைக் குறைங்க, காபியைக் குறைங்க." ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். மூன்று என்றேன். என் மனைவி ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐந்து, ஆறு இருக்கும் என்று திருத்திக்கொண்டேன்.

இன்று ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது பாஸ்டர் எல்லோரையும் கேட்டார், ஈஸ்டர் வரைக்குமான லெந்து நாட்களில் யார் எதை விடப்போகிறீர்கள் என்று. ஒருவர் கறி என்றார். ஒரு அம்மா டி.வி. சீரியல் என்றார். நான் காபி என்றேன். பிரஷர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் மாத்திரை கேஸ் ஆகிவிட்டேன் என்று ஊரெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? டாக்டர் போட்ட உத்தரவை ஆண்டவருக்குக் காணிக்கையாக வைத்துவிட்டேன். "ஆல்வின் அண்ணன் காபியை விடுறாருன்னா அது சின்ன விஷயமில்ல" என்று பாஸ்டர் தோளைத் தட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வரும் வழியில் ஹெலன், "அப்ப நானும் விட்டுடறேன். வீட்டுல வாசனை வந்தா உங்களால தாங்க முடியாது" என்றாள். அவளுக்கென்ன, அவள் எப்போது குடிக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காபி இல்லை. தலைவலி.

பிப்ரவரி 19, வியாழன்

தலைவலி. ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் பிரிவில் இன்று எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். சூப்பர்வைசர் ஆயிற்றே, விழலாம்.

ரம்ஜான் நோன்பும் இன்று ஆரம்பம். இருபது வருஷமாக என்னோடு வேலை பார்க்கும் உமர் ஃபாரூக் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தோலைப் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா தோஸ்த், நோன்பு எனக்கா உனக்கா?" என்று சிரித்தான்.

பிப்ரவரி 24, செவ்வாய்

குடித்துவிட்டேன்.

மதியம் பஜாரில் ஆபித் பாஷா ஹோட்டல். நோன்பு மாதம் என்பதால் வாசலில் பச்சைத் திரை கட்டியிருந்தார்கள். நோன்பில்லாதவர்கள் உள்ளே தள்ளி உட்கார்ந்து சாப்பிடலாம், தெருவில் போகிறவர்களின் கண்ணில் படாது. நோன்பாளிகளுக்கு மரியாதையாகக் கட்டிய திரை. நான் அதைத் திருட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டேன். மாஸ்டர் காசி நான் கேட்காமலேயே காபியை ஸ்ட்ராங்காகப் போட்டுத் தந்தார். நாள் முழுக்கத் தோல் வாடையும் பசை வாடையும் ஏறிய மூக்குக்கு அந்த ஒரு வாசனைதான் வாசனை. முதல் மடக்கில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அசிங்கம்.

வெளியே வந்து இரண்டு கிராம்பை மென்றுகொண்டு கம்பெனிக்குப் போனேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும் குடித்தேன். நேற்றும்.

கம்பெனி நர்ஸ் முத்துமாரி பிரஷர் பார்த்தார். குறையவே இல்லை. வீட்டில் சொன்னபோது ஹெலன் ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் மூட்டையாகக் கொடுத்துவிடும் மேல்பாகத்தை மடியில் வைத்துக் கையால் தைப்பதுதான் அவள் வேலை. நான் தினமும் போடுகிற ஷூவும் அவள் தைத்ததுதான். கறுப்பு நூல் தீர்ந்துபோய் முன்பக்கம் முழுக்கப் பழுப்பு நூலில் தைத்துக் கொடுத்தாள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "காபியை விட்டும் குறையலன்னா என் சமையல்லதான் ஏதோ தப்பு" என்றாள். கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். ராத்திரி குழம்பில் உப்பே இல்லை. அவளும் அதையேதான் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டு எழுந்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

ஜெப விண்ணப்ப நேரத்தில் ஹெலன் எழுந்து நின்றாள். "என் வீட்டுக்காரர் காபியைக்கூட விட்டுட்டார். அப்பவும் பிரஷர் குறையல. அவருக்காக ஜெபிச்சுக்குங்க." சபையே கண்ணை மூடி எனக்காக ஜெபித்தது. சின்னப் பிள்ளைகள்கூட. நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு தரையைப் பார்த்தேன். முந்தின நாள் குடித்தது அப்போதும் நாக்கில் இருந்தது போல் தோன்றியது.

நாளை முதல் கிடையாது. சத்தியமாகக் கிடையாது.

மார்ச் 2, திங்கள்

குடித்தேன்.

மார்ச் 5, வியாழன்

ஹெலன் இன்று சரியாகப் பேசவில்லை. தைத்த மூட்டையைக் கொடுக்கப் பஜாருக்குப் போய் வந்தாளாம். வெயிலில் அலைந்திருப்பாள். என்ன என்று கேட்டால் தலைவலி என்றாள். காபி இல்லாத தலைவலியாகக்கூட இருக்கும்.

மார்ச் 7, சனி

இதை எழுதவே கை கூசுகிறது.

டாக்டரம்மாவிடம் போகும் முன்பு, பயமாக இருக்கிறதே என்று ஆபித் பாஷா ஹோட்டலில் ஒன்று குடித்துவிட்டுத்தான் கிளினிக்குக்குப் போனேன். ஹெலன் அங்கே நேராக வந்துவிட்டாள். பிரஷர் போன தடவையைவிட ஜாஸ்தி. டாக்டரம்மா யோசனையாக, "காபி குறைச்சீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹெலன், "ஒரு சொட்டுகூட இல்ல டாக்டர். லெந்து ஆரம்பிச்சதுலேர்ந்து. நான் சாட்சி" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். டாக்டரம்மாவும் பார்த்தார். என்னடா செய்தேன் நான்? சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கிட்னி பாழாகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது, அதைப் படிக்கிற மாதிரி நின்றேன். இன்னொரு மாத்திரை சேர்த்து எழுதினார். இதற்கும் குறையவில்லை என்றால் ஸ்கேன் என்றார்.

அப்பக்கூட சொல்லல. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். பொண்டாட்டியப் பொய் சாட்சி சொல்ல வெச்சிட்டு நிக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

படியிறங்கும்போது பையை மறந்துவிட்டேன் என்று ஹெலன் திரும்ப உள்ளே போனாள். நேரம் கழித்துத்தான் வந்தாள். கடையில் புது மாத்திரை ஸ்டாக் இல்லையாம். பழையதை மட்டும் வாங்கி வந்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஹெலன் இன்றும் எழுந்து நின்றாள். இந்தத் தடவை பிரஷர் என்று சொல்லவில்லை. "என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் தைரியம் தரணும்னு ஜெபிச்சுக்குங்க" என்றாள்.

எதற்குத் தைரியம்? ஸ்கேனுக்கா?

மார்ச் 13, வெள்ளி

குடித்தேன். ருசி தெரியவில்லை.

மார்ச் 21, சனி

ரம்ஜான். உமர் வீட்டில் பிரியாணி. போகும் வழியில் பார்த்தேன், ஹோட்டல் வாசலில் திரையைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே நான் உட்காரும் பெஞ்சு தெருவிலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

கை கழுவும்போது உமர் மெதுவாகச் சொன்னான். "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே. அந்தத் திரை முழங்கால் வரைக்கும்தான் தோஸ்த். கீழ உன் ஷூ தெரியுது. கறுப்புத் தோலு, பழுப்பு நூலு. இந்த ஊருல வேற யாருக்கு இருக்கு அந்த மாதிரி?"

எனக்குக் கை நின்றுவிட்டது. வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். அவன் குழாயை மூடினான்.

"அண்ணிதான் பார்த்தாங்க. மூட்டை எடுத்துட்டு வந்தாங்க, நானும் அங்கதான் நின்னுட்டு இருந்தேன். அந்தத் தையலையே பார்த்துட்டு நின்னாங்க. அவராவே சொல்லுவாரு, நீங்க எதுவும் கேக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

மூட்டை கொடுத்த அன்று. டாக்டரிடம் போனது அதற்குப் பிறகு. எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும். தைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அன்னிக்கு அந்த ரூம்லயே வாயத் திறப்பீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்" என்றாள். "நீங்க திறக்கல. நான் திரும்பப் போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். குடிச்ச உடனே பார்த்தா ஏறித்தான் காட்டும், ரெண்டாவது மாத்திரை இப்ப வேணாம், குடிக்காம கூட்டிட்டு வாங்கன்னாங்க. ஒரு நாளைக்கு ஒரு காபி குடிச்சா தப்பில்லன்னும் சொன்னாங்க. உங்கள யாருங்க அடியோட விடச் சொன்னது?"

அழுதேன். அவள் அழவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

சபையில் எழுந்து நின்று சொன்னேன். விட்டது பக்தியால் இல்லை, டாக்டர் குறைக்கச் சொன்னதால். அதையும் விடவில்லை என்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதிப் பேருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. ஆம்பூரில் முகத்தைப் பார்ப்பவர்களைவிடக் காலைப் பார்ப்பவர்கள் ஜாஸ்தி.

மார்ச் 28, சனி

நேற்றும் குடிக்கவில்லை, இன்றும் குடிக்கவில்லை. பிரஷர் இறங்கியிருக்கிறது. ஸ்கேன் வேண்டாம். டாக்டரம்மா ஹெலனைப் பார்த்துத்தான் சிரித்தார்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை முடிந்து வந்ததும் நானே அடுப்படிக்குப் போனேன். டிகாஷன் இறக்கி, பால் காய்ச்சி, ஒரு டம்ளர் மட்டும் போட்டு ஹெலனிடம் கொடுத்தேன். ஊசியும் நூலும் அவள் இன்னும் கையில் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கையாலும் வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. மூக்கருகே வைத்து மோந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். முதல் மடக்கை விழுங்கியபோது அவள் கண்ணோரம் நீர் கோத்தது. எனக்குத் தெரிந்த நீர்தான் அது.

இவளுக்குக் காபி இவ்வளவு பிடிக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. எனக்குப் போட்டது போக மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்காக அதையும் விட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை.

பாதி குடித்துவிட்டு டம்ளரை என் பக்கம் நீட்டினாள். "உங்களுக்கு?"

"நீ குடி" என்றேன்.